ஜன்னல் பக்கத்து ரேக்

கினிப்பன்றிக்கு மனிதர்களின் ஃப்ளூ காய்ச்சல் தொற்றும். தொற்றியிருப்பது மட்டும் வெளியே தெரியாது. தும்மாது, தீனியைக் குறைக்காது, மூலையில் சுருண்டு படுக்காது. காலையில் நாம் கதவைத் திறந்ததும் வழக்கம்போல விசிலடித்துக் குதிரைமசால் தழை கேட்கும். வைரஸ் வந்து, சில நாள் தங்கி, போயும் விட்டிருக்கும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் அது வந்துபோன தடம் தெரியும். ஃப்ளூ ஆய்வுக்கு இந்தப் பிராணியை நாம் தேர்ந்தெடுப்பதற்கு அது சுலபமாகத் தொற்றிக்கொள்வதும் ஒரு காரணம். என் பணிக்காலத்தின் பெரிய தவறு பல நாள் என் கண்ணெதிரிலேயே இருந்தும் எனக்குத் தெரியாமல் போனதற்கு, அது சத்தமில்லாமல் தொற்றிக்கொள்வது காரணம்.

விலங்குக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். விதிமுறைகளை நான் எழுதப்போவதில்லை. அவை உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கின்றன, அவற்றில் பாதியை ஒட்டியதே நான்தான். நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது.

எங்கள் ஆய்வுக்கூடம் சின்னது. குன்னூருக்கும் ஜெகதளாவுக்கும் இடையில் பிரதான சாலையைவிட்டுத் தேயிலைக்குள் இறங்கும் ஒரு பாதையின் முடிவில் இருந்தது. மழைக்காலத்தில் காலை பத்து மணி வரைக்கும் கட்டிடமே தெரியாது. வாசல் விளக்கைப் பார்த்து நடந்தால் போய்ச் சேரலாம். சில நாள் அந்த விளக்குக்கும் நமக்கும் நடுவில் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருக்கும். அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டும். எதிரில் அது மூச்சுவிடும் சத்தம், பின்னால் எங்கோ கீழே மலை ரயில் ஊதும் சத்தம். அந்த ஊரில் வேலைக்குப் போவதே பாதித் தூக்கத்தில் நடப்பது மாதிரி இருக்கும்.

நான் கால்நடை மருத்துவர். விலங்குக் கூடம் என் பொறுப்பு. அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது எந்த ஆண்டு ஃப்ளூவுக்கும் பொருந்தக்கூடிய ஒரே தடுப்பூசியைத் தேடும் ஆய்வு. உங்களில் சிலர் இப்போது செய்வதும் அதன் தொடர்ச்சிதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃப்ளூ வைரஸின் மேலே இருக்கும் புரதத்தை ஒரு காளான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குடை, கீழே தண்டு. குடை அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். வழக்கமான தடுப்பூசி நம் உடம்புக்குக் குடையைத்தான் அடையாளம் காட்டுகிறது, அதனால்தான் ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. தண்டு அவ்வளவாக மாறுவதில்லை. எங்கள் ஊசியில் தண்டு மட்டும்தான் இருந்தது. தண்டை அறிந்துகொண்ட உடம்பு, குடை எப்படி மாறி வந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடும் என்பது எங்கள் திட்டத் தலைவரின் நம்பிக்கை. நான்கு ஆண்டுகளாக அவர் அந்த நம்பிக்கையைக் குழந்தையைத் தூக்கிச் சுமப்பது மாதிரி சுமந்துகொண்டிருந்தார்.

ஒரு அறை, இரண்டு ரேக். கதவுப் பக்கத்து ரேக்கில் வெறும் உப்புநீர் ஊசி போட்ட கினிப்பன்றிகள். திறக்காத கண்ணாடி ஜன்னல் ஓரத்து ரேக்கில் தடுப்பூசி போட்டவை. இரண்டு குழுக்களின் கூண்டுகளையும் கலந்து வைக்க வேண்டும் என்றுதான் திட்ட வரைவில் எழுதியிருந்தது. ஊசி போடும் நாளில் குழப்பம் வந்துவிடக்கூடாது என்று பிரித்து வைத்தவள் நான். வசதிக்காகச் செய்தேன். அந்த வசதி எனக்கு என்ன செய்தது என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவள் யோகேஸ்வரி. எல்லோரும் யோகம் என்று கூப்பிடுவோம். அவள் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவள் பந்தலூரில் பிறந்து, குன்னூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்திருந்தாள், நாற்பது வயதிருக்கும். கூண்டு எண்ணைப் பார்க்காமலே ஒவ்வொன்றையும் சொல்வாள். காதில் வெள்ளைப் புள்ளி இருப்பது தண்ணீரைக் கொட்டும், நெற்றியில் சுழி இருப்பது கையைக் கண்டால் ஓடி வரும் என்று. எடைக் கணக்கு என் கைக்கு வருவதற்கு முன்பே எது சரியில்லை என்று அவள் சொல்லியிருப்பாள்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலை. கோத்தகிரி சாலையில் மண் சரிந்து, இன்னொரு உதவியாளர் வர முடியவில்லை. யோகம் மட்டும் நனைந்துகொண்டு வந்திருந்தாள். உடைமாற்றும் அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“தொண்டை கரகரன்னு இருக்குங்க டாக்டரம்மா. உடம்பும் சுகமில்லாத மாதிரி இருக்கு.”

விதி உங்களுக்குத் தெரியும். சளி, இருமல், காய்ச்சல் இருப்பவர் உள்ளே போகக்கூடாது. அதை எழுதி ஒட்டியவள் நான். அன்று காலை எனக்கு நெறிமுறைக் குழுவோடு இணையவழிக் கூட்டம் இருந்தது, தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கலாம். கீழேயிருந்து யாரையாவது அழைத்திருக்கலாம். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு தீனியும் தண்ணீரும் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடு என்று சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

கூட்டம் முடிந்து நான் வந்தபோது அவள் உடைமாற்றும் அறைப் பலகையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டால் சுட்டது. ஜீப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்ச வேலையை நானே முடித்தேன். கையெழுத்து எதுவும் போடவில்லை. யோகம் உள்ளே போகும்போதே அறை முழுவதற்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாள். எங்கள் இடத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். முதலில் கையெழுத்து, பிறகு வேலை. அது எனக்கும் தெரியும். தப்பாகத் தோன்றியதில்லை.

ஐந்தாம் நாள் யோகம் திரும்பி வந்தாள். மழை விட்டது. நான் அதை மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. ரத்தத்தின் தெளிநீரான சீரத்தைச் சோதித்தவள் நிவேதா, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இளம் ஆய்வாளர். மறுநாள் மதியம் அவள் வெளுத்த முகத்தோடு என் அறைக்கு வந்தாள். வெறும் உப்புநீர் போட்ட குழுவின் சீரத்திலும் தண்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் தெரிகிறது, கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது என்றாள். ஊசி மாறிப்போய்விட்டதோ, தான்தான் குழாய்களை மாற்றி வைத்துவிட்டோமோ என்று அவளுக்குப் பயம். தலைவரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வந்திருந்தாள்.

அந்த இடத்தில் நான் செய்தது சரியான காரியம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். குழம்பி நிற்கும்போது யார் தப்பு என்று கேட்காமல், எந்தச் சோதனை இரண்டு சாத்தியங்களையும் பிரித்துக் காட்டும் என்று கேட்கவேண்டும். வைரஸின் உள்ளே ஒரு புரதம் இருக்கிறது. அது எங்கள் தடுப்பூசியில் கிடையாது. அதற்கு எதிர்ப்பொருள் இருந்தால் உயிருள்ள வைரஸே உடம்புக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் ஊசி மாறியிருக்கிறது. அதைப் பார் என்றேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. உப்புநீர்க் குழுவில் ஒன்றுவிடாமல் அத்தனைக்கும் உள்ளிருக்கும் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அறைக்குள் யாரோ ஃப்ளூவைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜன்னல் பக்கத்து ரேக்கில், தடுப்பூசி போட்டவற்றில், ஒன்றில்கூட இல்லை.

திட்டத் தலைவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, சமீபத்தில் உள்ளே போனவர்களில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று கேட்டார். மழை கொட்டிய அன்று யோகத்துக்குக் காய்ச்சல் இருந்தது, பாதியில் வீட்டுக்கு அனுப்பினேன் என்றேன். அவள் முன்னாலேயே என்னிடம் சொன்னாள், நான்தான் உள்ளே அனுப்பினேன் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் பதிவேட்டை வரவழைத்தார். இரண்டு ரேக்குக்கும் யோகத்தின் கையெழுத்து இருந்தது. அந்த அறையில் காற்று ஜன்னல் மேலிருந்து வந்து கதவுப் பக்கம் வெளியேறும். ஆகவே கதவுப் பக்கத்துப் பிராணிகளிடமிருந்து ஜன்னல் பக்கத்துக்குத் தொற்றுவது கடினம் என்பதையும் அவர் யோசித்தார். ஆனால் காய்ச்சலோடு ஒரு ஆள் இரண்டு ரேக்கிலும் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து தீனி வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் எல்லாவற்றுக்கும் தொற்றியிருக்கிறது, இன்னொரு பக்கம் ஒன்றுக்கும் தொற்றவில்லை. நோயின் கடுமையைக் குறைத்தால் போதும் என்று நாங்கள் எதிர்பார்த்த தடுப்பூசி, தொற்றையே வாசலில் நிறுத்திவிட்டதாகத் தெரிந்தது.

அடுத்த பதினோரு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். மாலையில் தேயிலைக்குள் இறங்கி நடந்து வீட்டுக்குப் போவேன். சவுக்கு மரங்களுக்கு நடுவில் மஞ்சு, மலைப் பனிமூட்டம், மெதுவாக ஏறி வரும். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் எதிரில் பேசிக்கொண்டே வருவார்கள், முதலில் குரல், பிறகு ஆள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு வெதுவெதுப்பு பரவும். இந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு இனிமேல் இந்தக் காய்ச்சல் வராது என்று தோன்றும். ஒரு ஊசி, வாழ்நாளுக்கு ஒன்று. வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். என் கணவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். விலங்குக் கூடத்தில் ஜன்னல் பக்கத்து ரேக்கின் முன்னால் காரணமில்லாமல் நிற்பேன். கண்ணாடிக்கு வெளியே வெண்மை, உள்ளே அவை வைக்கோலைக் கடிக்கும் சின்னச் சத்தம். அந்தச் சத்தம் எனக்கு ஏதோ சொல்வது மாதிரி இருக்கும். என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்த மழைக் காலையில் அதே ரேக்கின் முன்னால் கீரைக் கூடையோடு நின்றவள் நான்தானே.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. ‘மிச்ச வேலையை முடித்தேன்’ என்பது என் நினைவில் இருந்தது. மிச்சம் என்பது எது என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. தொற்று ஏறிய பிராணிகளை அந்த அறையில் வைத்திருக்க முடியாது. கதவுப் பக்கத்து ரேக்கை ஒரு காலையில் நான் காலி செய்தேன். எப்படி என்பதை நீங்கள் அறிவீர்கள், எழுதவேண்டியதில்லை. யோகம் முந்தைய நாள் அவற்றுக்குக் கீரை வைத்துவிட்டு, மறுநாள் தன்னைக் கூண்டு கழுவும் பக்கம் போடச் சொல்லிக் கேட்டிருந்தாள். சரி என்றேன். அவளால்தான் வந்தது என்று கூடத்தில் எல்லோருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் அவளை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார். நம் தலைவர்தான் தடுத்தார். அவளுடைய இருமல் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், அவளை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்றார்.

திட்டத்தை நீட்டிப்பதா என்று முடிவுசெய்ய மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் தலைவர் யோகத்தைத் தன் அறைக்கு அழைத்தார். நானும் நிவேதாவும் இருந்தோம். யோகம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் தன்மையாகத்தான் கேட்டார். அன்று காய்ச்சல் இருந்ததா, உள்ளே இருமினாளா, கதவுப் பக்கம் ஜன்னல் பக்கம் இரண்டிலும் அவளேதான் தீனி வைத்தாளா என்று. அவள் ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க என்றாள். மூன்றாவது கேள்விக்கு மட்டும், பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை.

தேநீர் வேளையில் அவள் பின்பக்கம் கழுவிய கூண்டுகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவளே பேசினாள், கூண்டைப் பார்த்துக்கொண்டே.

“ஜன்னல் பக்கம் நீங்கதானே வச்சீங்க டாக்டரம்மா. எனக்குத் தலை சுத்திச்சு, கதவுப் பக்கம் முடிச்சதோட வெளிய வந்துட்டேன். கையெழுத்து மட்டும் முன்னாடியே போட்டிருந்தேன்.”

“அப்புறம் ஏன் சார்கிட்ட ஆமான்னு சொன்ன?”

“நான் இல்லைன்னு சொன்னா, நீங்க கையெழுத்துப் போடாம வேலை செஞ்சது தெரிஞ்சிருமே. உங்களுக்கு அடுத்த வருசம்தானே கடைசி.”

அவள் எனக்காகப் பொய் சொல்லியிருந்தாள். அந்தப் பொய் எதைத் தாங்கி நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் கையிலிருந்த தேநீரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் மலைச்சரிவு தெரிந்தது, பிறகு தெரியவில்லை, பிறகு மறுபடி தெரிந்தது. காய்ச்சலோடு இருந்தவள் ஜன்னல் பக்கம் போகவே இல்லை. அங்கே போனவள் நான், எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அந்தப் பிராணிகளுக்குத் தொற்றாமல் போனதற்குத் தடுப்பூசி காரணமாக இருக்கலாம். வைரஸ் அவற்றின் பக்கமே வராததும் காரணமாக இருக்கலாம். எது என்று சொல்ல இனி யாராலும் முடியாது. பதினோரு நாளாக நான் சுமந்துகொண்டு நடந்தது, நான் பிரித்து வைத்த இரண்டு ரேக்கும் நான் போடாத ஒரு கையெழுத்தும்தான்.

சொன்னால் என்ன ஆகும் என்பது உடனே தெரிந்தது. தலைவரின் நான்கு ஆண்டு போகும். எனக்கு ஒரு விளக்கக் கடிதமும் கெட்ட பெயரும். இவற்றை நான் தாங்கிக்கொள்வேன். யோகத்தின் இருமல் அதிர்ஷ்டமாக இருக்கும்வரைதான் அவளுக்கு வேலை. அது மறுபடியும் குற்றமாகிவிட்டால் மேற்பார்வையாளர் மறுநாளே அவளை அனுப்பிவிடுவார். அவளைக் காப்பாற்றுவதற்காகச் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அருமையான ஒரு காரணம் கிடைத்திருந்தது. இரண்டு நாள் அந்தக் காரணத்தோடு இருந்தேன். இளையவர்களே, மோசமான காரணங்களை நாம் சுலபமாக உதறிவிடுவோம். கருணை மாதிரி வருகிற காரணத்தைத்தான் உதற முடிவதில்லை.

இரண்டாம் நாள் மதியம் நிவேதா தான் தயாரித்த படத்தைக் காட்டினாள். இரண்டு குழுக்களின் அளவுகளும் அருகருகே, ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் தரையோடு. தன் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான படம் இதுதான் என்றாள். இருபத்தாறு வயது. அந்தப் படத்தின் மேல் அவள் இன்னும் எத்தனை ஆண்டு வேலை செய்வாள் என்று நினைத்தேன். என்னால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

முதலில் யோகத்திடம் போனேன். நான் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். ஏன் என்று அவளுக்குப் புரியும்படி விளக்கினேன், அவள் பொய்யை நம்பி நாங்கள் கட்டிக்கொண்டிருப்பது என்ன என்று. அவள் பாட்டிலைக் கழுவுவதை நிறுத்தவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு குழாயை மூடினாள்.

“சொல்லுங்க,” என்றாள். “ஆனா சுகமில்லன்னு நான் உங்ககிட்ட முதல்லயே சொன்னேங்கறதையும் சேத்துச் சொல்லுங்க.”

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அத்தனை நாளும் கூடத்தில் எல்லோரும் அவளை நோயைக் கொண்டுவந்தவள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்திருக்கிறாள்.

நான் எழுதித்தான் எடுத்துப் போனேன். பேச்சில் விட்டால் எதையாவது மென்மையாக்கிவிடுவேன் என்று பயம். உடம்பு சரியில்லை என்று யோகேஸ்வரி என்னிடம் சொன்னாள், விதியை மீறி நான் அவளை உள்ளே அனுப்பினேன், அவள் கதவுப் பக்கத்து ரேக்கை மட்டும் பார்த்தாள், ஜன்னல் பக்கத்தை நான் பார்த்தேன், கையெழுத்துப் போடவில்லை, கூண்டுகளைக் கலந்து வைக்காததும் நான்தான். ஆறு வரி.

தலைவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வெளியே மழை தொடங்கியிருந்தது, அதைப் பார்த்தபடியே பேசினார்.

“நாலு வருசமா ஒரு நல்ல சேதிக்குக் காத்திருந்தேன். அது பதிமூணு நாள் என்கூட இருந்துச்சு.”

நான் எழுந்து வரும்போது, மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் இதை நீங்களே படிக்கவேண்டும் என்றார். அது தண்டனையா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படித்தேன். குழுவில் ஒரு வயதான அம்மையார் இருந்தார். இதற்கு முன்னால் எத்தனை நாள் இப்படி வேலைக்கு முன்பே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். எடை, தீனி, சுத்தம் எல்லாவற்றுக்கும் ஒரே பதிவேடுதானே என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒரு பதிலால் முந்தைய இரண்டு ஆண்டுப் பதிவுகளின் பக்கத்திலும் கேள்விக்குறி போடவேண்டி வந்தது. என் தவறு ஒரு நாளோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனவள், அது எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தேன். மூன்று ஆண்டு நீட்டிப்புக் கேட்டிருந்தோம். ஒரு ஆண்டு கொடுத்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது என் கோப்பில் இருக்கிறது. யோகத்தை நிறுத்தவில்லை. அவள் சொன்ன பிறகும் நான் அனுப்பினேன் என்பது எழுத்தில் இருந்ததால் மேற்பார்வையாளரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனாலும் அவளை மறுபடி விலங்குகளிடம் விட அவருக்கு மனம் வரவில்லை, கழுவும் பக்கத்திலேயே வைத்துவிட்டார். நான் இரண்டு தடவை எழுதிக் கேட்டும் ஓய்வுபெறும்வரை அதை மாற்ற முடியவில்லை.

கிடைத்த அந்த ஆண்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். இந்தத் தடவை வேறு அறை, வேறு பாதுகாப்பு. கூண்டுகள் சீட்டுக் குலுக்கிக் கலந்து வைக்கப்பட்டன. வேலை முடித்த பிறகுதான் கையெழுத்து. தொற்றுள்ள ஒரு பிராணியை ஒவ்வொன்றின் பக்கத்துக் கூண்டிலும் வைத்து, இரண்டு குழுக்களுக்கும் ஒரே மாதிரி வாய்ப்புக் கொடுத்தோம். எந்தக் கூண்டு எந்தக் குழு என்று எனக்கும் தெரியாது, நிவேதாவுக்கும் தெரியாது. தினமும் காலையில் மூக்கைக் கழுவி எடுத்த நீரில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தோம். மஞ்சுக்குள் வந்து மஞ்சுக்குள் போன நாட்கள் அவை. ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு எந்த வெதுவெதுப்பும் வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

கடைசியில் எந்தக் கூண்டு எந்தக் குழு என்று எழுதி மூடியிருந்த உறையைப் பிரித்தபோது நிவேதாதான் வாசித்தாள். தடுப்பூசி போட்டவற்றுக்கும் தொற்றியிருந்தது. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். வாசலில் யாரும் யாரையும் நிறுத்தவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், தடுப்பூசி போட்டவற்றின் மூக்கிலிருந்து வைரஸ் இரண்டு நாள் முன்னதாகப் போய்விட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. நிவேதா தாளை மேசையில் வைத்துவிட்டு, அவ்வளவுதானா மேடம் என்றாள். அவ்வளவுதான் என்றேன். அழகான படத்தைப் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். அறிக்கையை எழுதத் தொடங்கும்போது அவள் தோள் தொங்கிப்போயிருந்தது.

நான் கீழே இறங்கிப் போனேன். யோகம் பாட்டில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சுங்க என்று கேட்டாள். அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த ஆண்டு முழுக்க, அறைக்குள் விடாவிட்டாலும், ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

“ஊசி போட்டதுக்கும் வருதும்மா,” என்றேன். “ரெண்டு நாள் முன்னாடி போயிருது, அவ்வளவுதான். அதுவும் கினிப்பன்றிக்கு. மனுசங்களுக்கு எப்படின்னு இன்னும் யாருக்கும் தெரியாது.”

அவள் கையிலிருந்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழுக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு நாள்ங்கறது சும்மாங்களா டாக்டரம்மா,” என்றாள். “பந்தலூர்ல எங்க அக்கா ஒரு காய்ச்சலுக்கு அஞ்சு நாள் படுப்பா. மூணாம் நாளே எந்திரிச்சா கொழுந்துக்குப் போயிருவாளே.”

சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

நான் படியேறிப் போய் நிவேதாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘தடுப்பூசி தொற்றைத் தடுக்கவில்லை’ என்று அறிக்கையின் முதல் வரி இருந்தது. அதை அவள் அழிக்கவில்லை. அதற்கு மேலே ஒரு வரி இடம் விட்டாள். விட்ட இடத்தில் அந்த இரண்டு நாளை எழுதினாள்.